காலின் அகலத்தை யாரும் கேட்கவில்லை

புதிதாக மேற்பார்வை வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஆக்கள் சேஃப்டி சப்பாத்துப் போடுறாங்களில்லை. என்ன செய்யிறது?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணீர் தந்து அனுப்பிவிட்டேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். மறதி இல்லை. அதே கேள்விக்கு ஒருமுறை நான் மிக வேகமாகப் பதில் சொன்னவன். அந்தப் பதிலால் என் கூட்டாளி செபமாலையின் இரண்டு கால்விரல்கள் போயின. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்று பயந்தேன். அதனால் எழுதுகிறேன்.

செபமாலை கம்பி கட்டுகிறவன். பள்ளிமுனை ஆள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. "எங்கட குடும்பத்தில கரைக்கெண்டு நேர்ந்துவிட்டது என்னை மட்டும்தான்" என்று சொல்லிச் சிரிப்பான். நானும் அவனும் ஒரே வயது. நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த இடைவெளிகளில் எல்லாம் சேர்ந்து வேலை செய்தோம். பள்ளிக்கூடம், நெல் களஞ்சியம், கோயில் முகப்பு என்று எத்தனையோ. நான் தொழில்நுட்பப் பாடசாலையில் படித்த சான்றிதழை வைத்து மேற்பார்வையாளன் ஆனேன். அவன் கடைசிவரை கம்பியோடுதான் நின்றான். ஆனால் வரைபடத்தை நான் விரித்தால், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இந்த மூலையில ஒரு கம்பி குறையுது மச்சான்" என்று சொல்லுவான். எண்ணிப் பார்த்தால் குறையும்.

போர் முடிந்து சில வருடங்களில் தலைமன்னார்ப் பக்கம் மீனவர்களுக்கான ஓர் இறங்குதுறையைத் திருத்துகிற வேலை வந்தது. பழைய தூண்கள் உப்பில் அரித்து, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பிதுங்கிக்கொண்டிருந்தன. செபமாலை விடிய மன்னாரில் பேருந்து ஏறுவான். நான் தோட்டவெளியில் ஏறுவேன். பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். பையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, நான் உட்காருவதற்கு முன்பே கதை தொடங்கிவிடும். வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த இடம் எது என்று கேட்டால் அந்தப் பேருந்தைத்தான் சொல்லுவேன். இன்றைக்கும் அந்தப் பாதையால் பேருந்து போனால் யன்னலோரம் யார் இருக்கிறார்கள் என்று கண் போகிறது.

வேலை தொடங்கி ஒரு மாதத்தில் ஒப்பந்தக்காரர் கொழும்பிலிருந்து சப்பாத்துப் பெட்டிகளை அனுப்பினார். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தவை. அடியில் ஆணி ஏறாத கனத்த தகடு. சப்பாத்து இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று கட்டளையும் கூடவே வந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். முன்பு ஒரு பள்ளிக்கூட வேலையில், வெறுங்காலோடு நின்ற ஒருவர் ஆணி நீட்டிக்கொண்டிருந்த பலகையை மிதித்தார். பலகை காலோடு சேர்ந்தே எழும்பியது. அவரைத் தூக்கி உழவு இயந்திரத்தில் போட்டுக்கொண்டு போனபோது என் சேட்டெல்லாம் இரத்தம். அன்றிலிருந்து வெறுங்காலைக் கண்டால் எனக்கு ஆகாது.

எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தேன். "என்ன நம்பர்?" என்று கேட்டேன். பலருக்குத் தங்கள் காலின் இலக்கம் தெரியாது. குத்துமதிப்பாக ஏழு, எட்டு, ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் முப்பது பேருக்குக் கொடுத்து முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கடற்கரை மணலில் செருப்பில்லாமல் வளர்ந்த கால்கள் முன்பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். அந்தக் கால்கள் எனக்கு முன்னால் வரிசையாக நின்றன. நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளே கள்ளம் தொடங்கியது. வாசலில் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றி, நாடாவை முடிந்து சாரக்கட்டில் தொங்கவிட்டுவிடுவார்கள். கடல் தண்ணீர் சப்பாத்துக்குள் போனால் அன்று முழுக்கக் காயாது. காய்ந்தாலும் உள்ளே உப்பு பொருக்குக் கட்டி, மண்தாளைப் போட்டு உரஞ்சுவதுபோல உரஞ்சும். ஒரு நாள் பேருந்தில் செபமாலை சொன்னான்.

"மச்சான், அது காலுக்குச் செய்த சாமான் இல்லை. சின்னவிரல் பக்கம் பிடிச்சு இறுக்குது."

"புதுசெண்டா அப்பிடித்தான். பழகினாச் சரியாகும்" என்றேன்.

இந்த "பழகினாச் சரியாகும்" என்பதை நான் அன்று ஏதோ ஆறுதல் வார்த்தைபோலச் சொன்னேன். உண்மையில் அது, இதற்கு மேல் கேட்க எனக்கு நேரமில்லை என்பதைத்தான் சொல்லியது.

பிறகு அந்த நாள் வந்தது. கொழும்பிலிருந்து வேலையைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று காலையில்தான் தொலைபேசியில் சொன்னார்கள். அன்றுதான் பெரிய இரும்பு வளைகளை, அந்த நீட்டு உத்தரங்களை, தூக்கி வைக்கிற நாளும். காலுக்கு மேல் ஒன்று விழுந்தால் எலும்பு மிஞ்சாது. தலைக்கவசம் எல்லாம் சரி பார்த்துக்கொண்டு இறங்குதுறை மேடையின் நுனிக்குப் போனேன். செபமாலை ரப்பர் செருப்போடு நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர். என்ன செய்கிறேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவனைத் தனியே கூப்பிட்டு "என்ன மச்சான் காலுக்கு?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கூட்டாளி என்று விட்டுவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் எனக்குள் ஓடியது.

"சப்பாத்தைப் போடு. இல்லாட்டி வெளியால போ!" என்று கத்தினேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. வெட்கப்பட்டவன்போல இருந்தான். போய்ச் சாரக்கட்டிலிருந்த சப்பாத்தை எடுத்து, குந்தியிருந்து, மெதுவாகக் காலை நுழைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் சப்பாத்தை எடுத்தார்கள். பார்வையிட வந்தவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒருவரும் கழற்றவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். செபமாலை வழமைபோலப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். பையை எடுத்து மடியில் வைப்பான். கதை மட்டும் இல்லை. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வருவான். நானாகக் கதைத்தால் "ஓம்", "இல்லை" என்று முடிப்பான். இரண்டொரு நாளில் கோபம் ஆறும் என்று விட்டேன். பத்து நாள் போனது.

பதினோராம் நாள் இடம் பிடித்து வைக்க அவன் இல்லை. பத்து மணியளவில் அவனுடைய மனைவி றோசலின் வேலைத்தல வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு தூரம் தனியே பேருந்தில் வந்திருக்கிறாள்.

"அண்ணை, ஒருக்கா வீட்ட வந்து அவற்ற காலைப் பாருங்கோ. நான் சொன்னாக் கேக்கிறாரில்லை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம். இண்டைக்கும் வேலைக்கு வெளிக்கிட்டவர். நான்தான் சப்பாத்தை ஒளிச்சு வைச்சனான்."

"என்னவாம்?"

"நோகேல்லை எண்டுதான் சொல்லுறார். அதுதான் அண்ணை எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. செபமாலைக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அவன் சீனியில்லாத தேத்தண்ணீர் குடிப்பதை நானே எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். அந்த வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் நான் மெனக்கெடவில்லை.

வேலையை விட்டுவிட்டு அவளோடு போனேன். செபமாலை கதிரையில் இருந்தான். சப்பாத்துக்குள் போடுகிற கால்மேசு காயத்தோடு ஒட்டிக்கிடந்தது. றோசலின் சுடுதண்ணீர் விட்டு விட்டு நனைத்து அதை உரித்தெடுத்தாள். சின்னவிரலும் அதற்கடுத்த விரலும் நீலம் பாய்ந்து, அடியில் கறுத்திருந்தன. அழுகல் மணம் வந்தது. நான் முச்சக்கரவண்டி பிடிக்க ஓடினேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் நாலைந்து நாள் பிந்தியிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். றோசலின் ஒரு கையால் செபமணிகளை உருட்டிக்கொண்டு மறுகையால் கையெழுத்து வைத்தாள். நான் சுவரோடு நின்றேன்.

அடுத்த நாள் விடியவே வேலைக்கு வந்து, றோசலினிடம் வாங்கி வந்திருந்த அவனுடைய சப்பாத்தைக் கந்தோர் அறையில் என் மேசையில் வைத்தேன். எட்டாம் இலக்கம். என்னுடையதும் எட்டுத்தான். என் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனுடையதைப் போட்டேன். மேடையின் நுனிவரை நடந்துவிட்டுத் திரும்பலாம் என்று புறப்பட்டவன் பாதியில் நின்றுவிட்டேன். சின்னவிரல் பக்கம் உள்ளே தடித்த தையல் ஒன்று ஓடியது. இரும்புத் தகட்டின் விளிம்பும் அதே இடத்தில்தான் வந்து முடிந்தது. ஒவ்வோர் அடிக்கும் அங்கே பிடித்து நசித்தது. அப்போதுதான் என் சப்பாத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேற்பார்வை செய்யும் கந்தோர்க்காரருக்கு வந்தது வேறு சாதி. உள்ளே மெத்தென்ற துணி, முன்பக்கம் அகலம். நிறமும் இலக்கமும் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். முப்பது பேருக்குக் கொடுத்த சாமானை ஒருநாளும் என் காலில் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று கொங்கிறீற் ஊற்றுகிற நாள். கலவை வண்டி எட்டு மணிக்கு வந்துவிடும். ஏழு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு, "சப்பாத்தைக் கழட்டுங்கோ. காலைக் காட்டுங்கோ" என்றேன். யாரும் அசையவில்லை. இதிலும் ஏதோ தண்டனை இருக்கிறது என்று பயந்தார்கள். நான் முதலில் என் காலைக் காட்டினேன். செபமாலையின் சப்பாத்தில் பாதித் தூரம் நடந்ததற்கே தோல் சிவந்து உரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். பதினேழு பேருக்குப் புண். கலவை சுமக்கும் பெண்கள் ஆறுபேர் இருந்தார்கள். ஆண்களின் சப்பாத்தில் சின்ன இலக்கத்தை அவர்களுக்குக் கொடுத்திருந்தேன். நீளம் கூடி, குதிக்கால் ஏறி இறங்கி, பின்பக்கம் தோலே இல்லை. பிலோமினா என்றொருத்தி இரண்டு கால்மேசுக்குள் கடதாசி திணித்து வைத்திருந்தாள்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா வெளியால போகச் சொல்லுவியள்" என்றாள்.

அந்த நேரம் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். தெற்கே காலிப் பக்கத்துச் சிங்கள ஆள், வயது முப்பதுக்குள். தமிழ் ஓரளவு பேசுவார்.

"என்ன இது? வண்டி வருது."

"ஊத்தேலாது சேர். இந்தக் கால்களோட இவையளைச் சீமெந்துக்க இறக்க மாட்டன்."

"நிப்பாட்ட உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"ஓம், இல்லை. ஆனா நிப்பாட்டிப்போட்டன்."

வேலை போகலாம் என்று தெரியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சீமெந்து தோல் உரிந்த இடத்தில் பட்டால் தீப்போல அரிக்கும் என்பதும் தெரியும். அவர் கோபத்தோடு கிட்ட வந்து பிலோமினாவின் காலைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தையும் மேசையில் கிடந்த செபமாலையின் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. வெளியே போய்த் தொலைபேசியில் யாருடனோ சிங்களத்தில் நெடுநேரம் சத்தம் போட்டார். திரும்பி வந்து, "வண்டியைத் திருப்பச் சொல்லிற்றன். இப்ப என்ன செய்யப் போறம்?" என்று கேட்டார். அந்தப் "போறம்" என்ற சொல்லுக்காக அவரை நான் இன்றும் மறக்கவில்லை.

வெற்றுச் சீமெந்துப் பைகளை வெட்டி விரித்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்கவைத்துக் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினோம். பின்னேரத்தில் அளந்தோம், வேலை செய்து கால் வீங்கியிருக்கும் நேரத்தில். கால்மேசு போட்ட காலை அளந்தோம். நான் கீற, பொறியியலாளர் குந்தியிருந்து பெயர் எழுதினார். அந்தத் தாள்களைச் சுருட்டிக் கொழும்புக்கு அனுப்பினோம். புதிய சப்பாத்து வரும்வரை பாரம் தூக்குகிற வேலையைச் சப்பாத்துப் பொருந்தியவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். மற்றவர்கள் நிழலில் இருந்து கம்பி வெட்டினார்கள். வேலை மூன்று கிழமை பிந்தியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

அகலமான சப்பாத்துகள் வந்தன. ஆளுக்கு இரண்டு சோடி கேட்டு வாங்கினோம், ஒன்று காய மற்றதைப் போட. பிறகு நான் யாரையும் பார்த்துக் கத்தவில்லை, கத்தத் தேவைப்படவுமில்லை. இரண்டு மாதம் கழித்து இரும்பு வளையொன்று கட்டை வழுக்கி பிலோமினாவின் கால்மேல் விழுந்தது. தகடு நெளிந்துபோனது. அவள் காலை இழுத்தெடுத்து விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். ஐந்தும் ஆடின. பெரிதாகச் சிரித்துவிட்டு அப்படியே இருந்து அழுதாள்.

அன்று பின்னேரம் நேரே பள்ளிமுனைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு செபமாலையைப் பல தரம் பார்த்திருந்தேன். மருந்து, சாப்பாடு, காலநிலை என்று கதைத்துவிட்டு வருவேன். அந்தச் சப்பாத்துக் கதையைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அன்று பிலோமினாவின் கதையைச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு கேட்டேவிட்டேன்.

"ஏன்ரா பத்து நாளும் அதைப் போட்டனி? புண் வந்ததும் கழட்டி எறிஞ்சிருக்கலாமே. என்னோட சண்டை பிடிச்சிருக்கலாமே."

அவன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அத்தனை பேருக்கு முன்னால சொன்னனி. நான் கழட்டியிருந்தா எல்லாரும் கழட்டியிருப்பாங்கள். பிறகு உன்ர சொல்லை ஆர் மதிக்கப்போறான்? நீ அங்க வேலை செய்ய வேணுமே மச்சான்."

கோபத்தில் பேசாமல் வருகிறான் என்று நான் நினைத்த பத்து நாளும் அவன் எனக்காகத்தான் நடந்திருக்கிறான்.

பிள்ளைகளே, சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சப்பாத்து வேண்டும். பிலோமினாவின் ஐந்து விரல்களும் அதற்குச் சாட்சி. ஆனால் ஒருவன் அதைக் கழற்றினால், அவனுக்குத் திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன் குந்தியிருந்து அவன் காலைப் பாருங்கள். நீங்கள் கொடுப்பதை முதலில் நீங்கள் போட்டு ஒருநாள் நில்லுங்கள். நோகவில்லை என்று சொல்பவரை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கிறவன் எதைத் தாங்கிக்கொண்டு நடக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

செபமாலை பிறகு கம்பி வேலைக்கு வரவில்லை. சில வருடங்களில் மகள் அவனையும் றோசலினையும் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பான். போன கிழமையும் எடுத்தான்.

"மச்சான், இஞ்ச என்ர காலுக்கெண்டே ஒரு சப்பாத்துச் செய்து தந்திருக்கினம். கடையில ஒரு பெட்டைப்பிள்ளை நிலத்தில இருந்து, என்ர காலைத் தூக்கித் தன்ர மடியில வைச்சு அளந்தவள். நீளம், அகலம், உயரம் எல்லாம். எனக்கு வெக்கமாப் போச்சு."

"நல்லாயிருக்கோ?"

"பஞ்சு மாதிரி. ஆனா போட்டுக்கொண்டு எங்க போறது? வெளியால முழுக்க ஸ்நோ. கடையில இருந்து வந்து காருக்குள்ள இருந்து கொஞ்சம் அழுதனான்."

"ஏன்ரா?"

"தெரியேல்லை. நீயும் பக்கத்தில நிண்டிருக்கலாம் எண்டு கிடந்தது."

பிறகு அவன்தான் கேட்டான்.

"அங்க வாடைக்காத்துத் தொடங்கிற்றோ?"

"தொடங்கிற்று" என்று சொல்லிவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போனேன். அவனுக்குக் கேட்கட்டும் என்று தொலைபேசியைக் காற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை உளையும்வரை அவன் தொலைபேசியை வைக்கவில்லை.